இரவில் ஏஐயிடம் பேசுவதை டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?

கேள்வி: பதற்றக் கோளாறுக்காக ஓராண்டாக மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெறுகிறேன். இப்போது பெரும்பாலும் வீடியோ அழைப்பில்தான் பார்க்கிறேன். தூக்கம் வராத இரவுகளில் ஒரு ஏஐ சாட்பாட்டிடம் பேசுகிறேன், ஆறுதலாக இருக்கிறது. டாக்டரிடம் சொன்னால் தவறாக நினைப்பாரோ என்று தயக்கம். சொல்லத்தான் வேண்டுமா?

பதில்: சொல்லுங்கள், அடுத்த சந்திப்பிலேயே. கோபித்துக்கொள்வார் என்று பயப்பட வேண்டாம். நடுராத்திரியில் உங்கள் மனம் எதைச் சுற்றி வருகிறது என்பது அவருக்கு வேறு வழியில் கிடைக்காத தகவல்.

ஆறுதல் கிடைப்பதில் வியப்பில்லை. 1966-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் உருவாக்கிய எலைசா என்ற நிரலுக்கு, நாம் தட்டச்சு செய்ததையே கேள்வியாகத் திருப்பிப் போடுவதற்கு மேல் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதனிடமே மக்கள் மனம்விட்டுப் பேசியதைப் பார்த்து அவரே திகைத்துப்போனார்.

உங்கள் விஷயத்தில் சிக்கலே அந்த ஆறுதல்தான். "நெஞ்சு படபடக்கிறதே, மாரடைப்பா?" என்று கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "பயப்பட வேண்டாம்" என்று பதில் வந்ததும் மனம் லேசாகிறது. அரை மணி நேரத்தில், "இடது கையும் மரத்த மாதிரி இருக்கிறதே?" மறுபடி கேள்வி, மறுபடி சமாதானம். ஒவ்வொரு முறையும் மூளை படிக்கும் பாடம், 'கேட்டதால்தான் தப்பித்தேன்' என்பது. அடுத்த இரவு கேட்காமல் இருப்பது இன்னும் கடினமாகிவிடும். ஓசிடி (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் கோளாறு) உள்ளவர்களுக்கு இது இன்னும் மோசம். அதனால்தான் சிகிச்சையில் நாங்கள் உடனுக்குடன் உறுதி கொடுப்பதில்லை. சந்தேகத்தோடே கொஞ்ச நேரம் இருந்து பழகச் சொல்கிறோம். (உங்களுக்கும் நெஞ்சுப் படபடப்பு இருந்து, அதை இதுவரை யாரும் பரிசோதிக்கவில்லை என்றால் முதலில் அதைச் செய்துவிடுங்கள்.)

வீட்டில் இருப்பவரிடம் பத்தாவது தடவை கேட்டால் அலுத்துக்கொள்வார். அந்த அலுப்பிலும் ஒரு நன்மை இருக்கிறது, எங்கோ ஓர் இடத்தில் கேள்வி நின்றுவிடும். சாட்பாட் அலுக்காது. போதாததற்கு, நம் போக்கிலேயே ஆமாம் சாமி போடும் குணமும் அதற்கு உண்டு. சாட்ஜிபிடியின் ஒரு புதிய பதிப்பு அளவுக்கு மீறி ஒத்து ஊதுகிறது என்று ஓப்பன்ஏஐ நிறுவனமே 2025 ஏப்ரலில் அதைத் திரும்பப் பெற்றது.

ஆகவே ஒரு வாரம் நீங்கள் கேட்ட கேள்விகளை மட்டும் நேரத்தோடு எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். பதில்கள் முக்கியமில்லை. ஒரே கேள்வி வேஷம் மாற்றி வருகிறதா என்பதை அவர் சட்டென்று பிடித்துவிடுவார். மூச்சுப் பயிற்சிக்கோ, சந்திப்பில் கேட்க வேண்டியவற்றை வரிசைப்படுத்தவோ சாட்பாட்டை வைத்துக்கொள்ளலாம். மாத்திரை விஷயத்தில் மட்டும் அதன் பேச்சைக் கேட்காதீர்கள். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு எல்லாம் வரலாம். அதை நோய் திரும்பியதாக நினைத்துக் குழம்புபவர்கள் உண்டு.

வீடியோ சந்திப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் வீடியோ வழிப் பேச்சு சிகிச்சை நேரில் பெறுவதற்கு ஏறக்குறைய ஈடான பலன் தருவதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் திரையில் முகம் மட்டும் தெரிந்தால், பிசையும் கையும் ஆடும் காலும் எங்களுக்குத் தெரியாமல் போய்விடும். போனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எடை, ரத்த அழுத்தம் பார்க்க அவ்வப்போது நேரிலும் போய் வாருங்கள்.

அப்புறம், ரகசியம். அதைக் காப்பது மருத்துவரின் தொழில் கடமை. சாட்பாட் நிறுவனத்தை அந்தக் கடமை அதே அளவில் கட்டுப்படுத்துவதில்லை. சிகிச்சை நிறுவனங்களின் கணினிகளே முழுப் பாதுகாப்பில் இல்லை. பின்லாந்தின் வஸ்தாமோ மனநல சிகிச்சை நிறுவனத்தில் திருடப்பட்ட பதிவுகளை வைத்து, 2020-இல் நோயாளிகளுக்கே பணம் கேட்டு மிரட்டல் மின்னஞ்சல் போனது. பெயர், வேலையிடம், மற்றவர்களின் விவரம் எதையும் சாட்பாட்டில் தட்டாதீர்கள்.

மனநிலையைக் குறித்துவைக்கும் செயலி ஏதாவது பயன்படுத்தினால் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: நான் எழுதுவதை யார், எப்போது படிக்கிறார்கள்? 'வாழப் பிடிக்கவில்லை' என்று எழுதினால் யாரோ உடனே பார்த்துவிடுவார்கள் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் அடுத்த சந்திப்பு வரை அதை யாரும் திறப்பதில்லை. அப்படியொரு எண்ணம் வந்தால் யாரை அழைப்பது என்பதையும் டாக்டரிடமே கேட்டு, அந்த எண்ணையும் உங்கள் ஊர் அவசர எண்ணையும் இப்போதே போனில் சேமித்து வையுங்கள்.