சொல்பவரா, சொன்னவரா?

கேள்வி: அம்மாவின் பரிசோதனை முடிவு மோசமாக வந்தது. அண்ணன் அப்போது வெளியூரில் இருந்தார். அவர் வந்ததும் சேர்ந்து சொல்லலாம் என்று, "முடிவு இன்னும் வரவில்லை அம்மா" என ஆறு நாள் சொல்லிவந்தேன். விஷயம் தெரிந்த அண்ணன் எல்லார் முன்னாலும் சொன்னார்: "பொய் சொல்பவர்கள் எல்லாரும் நம்பத் தகாதவர்கள். நீ பொய் சொன்னாய். ஆகவே நீ நம்பத் தகாதவள்." நான் மறுத்ததும், "அப்படியானால் பொய்யர்கள் எல்லாரையும் நம்பலாம் என்கிறாயா?" என்று மடக்கினார். கல்லூரிக் காலத்துத் தருக்கவியல் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் வாதத்தின் வடிவம் சரி என்றுதான் தோன்றுகிறது. வடிவம் சரியென்றால் முடிவையும் ஏற்றுத்தானே ஆக வேண்டும்? நல்ல பிள்ளைகள் எல்லாரும் அன்பினால் செய்கிறார்கள். நானும் அன்பினால்தான் செய்தேன். அது கணக்கில் வராதா?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அண்ணன் சொன்ன மூன்று வாக்கியங்களையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். முதல் முறை படித்தபோது நானும் வடிவம் சரி என்றே நினைத்தேன். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் வினையில் கண் நின்றது. முதல் வரியில் இருப்பது 'பொய் சொல்பவர்கள்'. இரண்டாம் வரியில் இருப்பது 'பொய் சொன்னாய்'.

'பாடுபவர்' என்றால் பாடுவதை வழக்கமாகக் கொண்டவர். 'பாடினார்' என்றால் ஒருநாள் பாடியிருக்கிறார், அவ்வளவுதான். 'பொய் சொல்பவர்' என்ற சொல் ஒருவருடைய இயல்பைக் குறிக்கிறது. 'பொய் சொன்னாய்' என்பது நடந்துபோன ஒரு செயலைக் குறிக்கிறது. முடிவுக்கு ஆதாரமாக வைக்கும் வாக்கியங்களுக்கு எடுகூற்றுகள் என்று பெயர். இரண்டு எடுகூற்றுகளையும் முடிச்சுப் போட வேண்டிய மத்திய பதம், அதாவது இரண்டுக்கும் பொதுவான சொல், இரண்டிலும் ஒரே பொருளில் வர வேண்டும். இங்கே அது நடுவழியில் பொருள் மாறிவிட்டது. மூன்று பதங்கள் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு வந்துவிட்டன. உங்கள் புத்தகத்தில் போலிகளை, அதாவது சரிபோலத் தோன்றும் தவறான வாதங்களைப் பற்றிய பகுதியைப் புரட்டினால், நாற்பதப் போலி என்று இதற்குப் பெயரே இருக்கும்.

அண்ணன் இதைத் திருத்திக்கொள்ளலாம். "ஒருமுறையாவது பொய் சொன்னவர்கள் எல்லாரும் நம்பத் தகாதவர்கள்" என்று முதல் வரியை மாற்றினால் வடிவம் நேராகிவிடும். அரிஸ்டாட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வகுத்துத் தந்த நியாயத்தொடைகளில், அதாவது இரண்டு எடுகூற்றுகளிலிருந்து ஒரு முடிவுக்கு வரும் வாத வடிவங்களில், முதன்மையானது அது. இடைக்கால ஐரோப்பியர்கள் அதற்குப் 'பார்பரா' (Barbara) என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயரில் உள்ள மூன்று 'a' எழுத்துகளும் மூன்று நிறைவிதி எடுப்புகளை, அதாவது 'எல்லாரும் அப்படி' என்னும் வகை வாக்கியங்களைக் குறிக்கும். ஆனால் வடிவம் தேறிய அதே நொடியில் முதல் வரியின் உண்மை விழுந்துவிடுகிறது. ஒருமுறையாவது பொய் சொன்னவர்களில் உங்கள் அண்ணனும் உண்டு, நானும் உண்டு. யாரை நம்புவது? ஒரு பொருளில் எடுத்தால் வடிவம் உடைகிறது, இன்னொரு பொருளில் எடுத்தால் எடுகூற்று பொய்யாகிறது. வாக்கியத்தை வேகமாகச் சொல்லும்போது இரண்டும் ஒன்றுபோலக் காதில் விழுவதுதான் அந்த வாதத்தின் பலம்.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேரடியான பதில்: வடிவம் சரி என்பது மட்டும் போதாது. எடுகூற்றுகள் உண்மையாக இருந்தால் முடிவும் உண்மையாக இருந்தே தீரும் என்ற உத்தரவாதத்தை மட்டுமே வடிவம் தருகிறது. எடுகூற்று உண்மையா என்று பார்க்க வேண்டியவர் நீங்கள்.

அடுத்து, அவர் உங்களை மடக்கிய இடம். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது அங்கேதான், ஏனென்றால் எத்தனையோ பேர் எத்தனையோ சச்சரவுகளில் இந்த ஒரு திருப்பத்தில் வாயடைத்துப் போகிறார்கள். அறுதி எடுப்புகள் நான்கு: நிறைவிதி, நிறைமறை, குறைவிதி, குறைமறை. எல்லாரும் அப்படி, யாரும் அப்படி இல்லை, சிலர் அப்படி, சிலர் அப்படி இல்லை. 'எல்லாரும்' என்ற நிறைவிதியை மறுக்க, 'சிலர் அப்படி இல்லை' என்ற குறைமறை போதும். ஒரே ஒரு ஆளைக் காட்டினால் முடிந்தது. அண்ணன் செய்தது என்ன? நீங்கள் "எல்லாரும் அப்படி என்று சொல்லாதே" என்றீர்கள். "யாருமே அப்படி இல்லை" என்று நீங்கள் சொன்னதாக அவர் ஆக்கிவிட்டார். 'எல்லாரும்', 'யாரும் இல்லை' இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவைதாம்; ஆனாலும் இரண்டும் சேர்ந்தே பொய்யாக இருக்க முடியும், இங்கே இருக்கவும் செய்கின்றன. பொய்யர்கள் எல்லாரையும் நம்பலாம் என்று நிறுவும் சுமை உங்கள் தலையில் இல்லை.

இனி நீங்கள் விரும்பாததைச் சொல்கிறேன். உங்கள் அன்பு வாதமும் நிற்காது. 'பறவைகள் எல்லாம் முட்டையிடும், ஆமை முட்டையிடும், ஆகவே ஆமை பறவை' என்பதற்கும் அதற்கும் ஒரே எலும்புக்கூடு. நல்ல பிள்ளைகள் எல்லாரும் அன்பினால் செய்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அன்பினால் செய்கிறவர்கள் எல்லாரும் நல்ல பிள்ளைகள் என்று அதிலிருந்து திருப்பிப் போட முடியாது. அன்பினால் தவறு செய்தவர்களும் உலகில் நிறையவே இருக்கிறார்கள்.

அதேபோல, அண்ணனின் 'எல்லாரும்' உடைந்ததால் நீங்கள் செய்தது சரி என்றும் ஆகிவிடாது. பொய் சொன்னவர்களில் சிலர் நம்பத் தகுந்தவர்கள் என்பது மட்டுமே நிலைத்திருக்கிறது. அந்தச் சிலரில் நீங்கள் ஒருவரா என்பதைத் தருக்கம் சொல்லாது.

செயலைப் பற்றிக் கேட்டால், ஜெர்மன் தத்துவஞானி கான்ட் உங்களிடம் கடுமையாகவே இருந்திருப்பார். ஒளிந்திருக்கும் நண்பனைக் கொலைகாரன் தேடிவந்து கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797இல் எழுதியவர் அவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இருந்தாலும் கவனியுங்கள்: அந்தக் கண்டிப்பும் பொய் என்ற செயலைப் பற்றியது. அதை முழுதாக ஏற்றுக்கொண்டாலும் 'நீ செய்தது தவறு' என்பதுவரைதான் போகலாம். 'நீ நம்பத் தகாதவள்' என்பதற்குப் போக இன்னொரு எடுகூற்று வேண்டும். அதை அண்ணன் தரவில்லை.

வள்ளுவரிடம் இடம் தேடலாம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். பொய்மையும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்கிறார். ஆனால் 'புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்' என்கிறார். முழுப் பாரமும் அந்த 'எனின்' மேல் இருக்கிறது. குற்றமற்ற நன்மை விளைந்ததா? அந்த ஆறு நாளில் அம்மா நிம்மதியாக இருந்தாரா, அல்லது முடிவு ஏன் வரவில்லை என்று ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டிருந்தாரா? தன் உடம்பைப் பற்றித் தனக்கு முன்பே பிள்ளைக்குத் தெரிந்திருந்தது என்பது அவரை எப்படிப் பாதித்தது? உங்கள் கடிதத்தில் அண்ணன் பேசுகிறார், நீங்கள் பேசுகிறீர்கள், அம்மா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நான் மூன்று முறை தேடிப் பார்த்தேன்.

அண்ணனிடம் தனியாக, குரல் உயர்த்தாமல், ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நான் பொய் சொல்பவளா, பொய் சொன்னவளா?" அவருக்கு உங்களை இத்தனை வருடமாகத் தெரியும், பதில் அவரிடமே இருக்கிறது. அதற்கு முன்பு அம்மாவிடம் போங்கள். "ஆறு நாள் உங்களிடம் மறைத்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். 'ஏனென்றால்' என்று தொடங்காதீர்கள். அவர் கேட்டால் காரணம் சொல்லலாம். அடுத்த பரிசோதனை முடிவை யார் முதலில் வாங்க வேண்டும், யாரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும்.