30 வருடத்துக்கு ஒருமுறை பெரிய மரத்தை மட்டும் வெட்டினால் தேக்கங்காடு அழியாது என்கிறார்களே, பர்மாவில் ஏன் குறைந்தது?

அந்த முறைப்படி வெட்டியிருந்தால் குறைந்திருக்காது. தமிழ்நாட்டில் எங்கோ பாடத்தில் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் பகோவில் பிறந்து வளர்ந்தவன். வாலிபத்தில் ஒரு மர ஒப்பந்தக்காரரிடம் கணக்கு எழுதினேன். வன அதிகாரி இல்லை. "உனக்கென்ன தெரியும்" என்று வரப்போகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள்.

1856இல் பெகு (பகோவின் பழைய பெயர்) காட்டுக்குப் பொறுப்பேற்ற பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர் தொடங்கிவைத்த முறை அது. ஒரு பகுதியில் வெட்டினால் மறுபடி அங்கே போக 30 வருடம் ஆக வேண்டும். நெஞ்சு உயரத்தில் சுற்றளவு ஈரக்காட்டில் ஏழரை அடி, வறண்ட காட்டில் ஆறரை அடி இருக்கிற மரத்தில்தான் கை வைக்கலாம். அதையும் உடனே சாய்க்க மாட்டார்கள். அடியில் பட்டையையும் அதற்கடுத்த வெளிறையும் (வெளுத்த மரப்பகுதி) உள்ளே வைரம் (கெட்டியான நடுமரம்) தெரியும்வரை சுற்றிலும் கொத்திவிட்டு, மூன்று வருடம் நின்றபடியே காயவிடுவார்கள். மரத்தை ஆற்றில் மிதக்கவிட்டுத்தான் கொண்டுபோவார்கள், பச்சைத் தேக்கு மிதக்காது.

நான் பார்த்தது வேறு. லாரி வந்த பிறகு காயவிடும் பொறுமை யாருக்கும் இல்லை, பச்சையாகவே வெட்டினார்கள். தேக்கின் அடிப்பகுதி மேடும் பள்ளமுமாக அகன்றிருக்கும். டேப்பை நெஞ்சிலிருந்து இடுப்புக்கு இறக்கினால் ஆறே முக்கால் அடி மரம் ஏழரை அடியாகிவிடும். அளவு சொன்னவர் வேறு, எழுதியவன்தான் நான். அதற்காக என்னைத் திட்டாதீர்கள். வெட்டி முடித்த பகுதிக்கே சில வருடத்தில் திரும்பவும் போனோம். நேரான மரமெல்லாம் போய், கோணல் மரங்கள்தான் விதை போட மிஞ்சின. அந்த விதை முளைத்தாலும், வெட்டிய இடத்தில் மூங்கில் அடைத்துக்கொள்ளும். வெயில் இல்லாமல் தேக்கங்கன்று தலையெடுக்காது.

2014 ஏப்ரலில் உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்தினார்கள். 2016இல் நாடு முழுக்க ஒரு வருடமும், பகோ மலைத்தொடரில் பத்து வருடமும் வெட்டத் தடை வந்தது. நல்லதுதான், ஆனால் ரொம்பத் தாமதம்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். காரைக்குடிப் பக்கம் இருக்கிற எங்கள் சொந்தக்காரர்கள் போன் செய்தால், நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று கேட்பதில்லை. "நிலைக்கதவுக்கு நாலு பர்மாத் தேக்குப் பலகை அனுப்பேன்" என்கிறார்கள். ராஜா காலத்திலிருந்தே தேக்கு அரசாங்கத்து மரம், என் வீட்டுச் சுவரே மூங்கில் தட்டிதான் என்றால் நம்புவதில்லை. சித்தப்பா மகன் அதிலேயே கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டான்.