பிரிட்டனில் படிக்கும்போது ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இன்டர்ன்ஷிப் செய்யலாமா?

மாணவர் விசாவில் முதுகலை படித்துக்கொண்டே, வசதியில்லாத பிள்ளைகளின் பள்ளியில் சம்பளமில்லாமல் இன்டர்ன்ஷிப் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் 'சம்பளம்தான் இல்லையே, யார் கேட்கப்போகிறார்கள்' என்று இருந்துவிடாதீர்கள். பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். நேரமும் பொறுப்பும் வகுத்துத் தரப்பட்ட வேலை என்றால், சம்பளமில்லாவிட்டாலும் அந்தக் கணக்கில் சேரும். கடையில் 15 மணி நேரம் நின்றால் பள்ளிக்கு மிச்சம் 5 மணிதான். கோடையில் ஆய்வேடு எழுதும் மாதங்களும் முதுகலைக்காரர்களுக்குப் பெரும்பாலும் பாடக்காலமே. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

அப்புறம் டிபிஎஸ் எனும் குற்றப்பின்னணிச் சோதனை. பள்ளியே விண்ணப்பிக்கும். தொண்டர்களுக்குக் கட்டணமில்லை, படிப்பின் அங்கமாக வரும் பயிற்சிக்கு அந்தச் சலுகை கிடையாது. இந்தியாவிலிருந்து போலீஸ் சான்றிதழும் கேட்கக்கூடும், பாஸ்போர்ட் சேவை வழியாக முன்னதாகவே வாங்கி வையுங்கள்.

சரி, எந்தப் பள்ளி? ஏழைகளுக்கென்று தனிப் பள்ளி தேடவேண்டாம். இங்கிலாந்தில் 2011 முதல் 'பியூபில் பிரீமியம்' என்ற கூடுதல் நிதி உண்டு. கடந்த 6 ஆண்டுகளில் இலவச மதிய உணவுக்குத் தகுதிபெற்ற பிள்ளைகளுக்காகப் பள்ளிக்குக் கிடைப்பது. அதை எப்படிச் செலவிடுகிறோம் என்று பள்ளிகள் தங்கள் இணையதளத்திலேயே வெளியிடவேண்டும். அதில் அப்படிப்பட்ட பிள்ளைகளின் சதவீதமும் இருக்கும். அதைப் படித்துவிட்டு, வாசிப்புக்கு உதவ வரட்டுமா என்று குறிப்பாகக் கேட்டு எழுதுங்கள்.