சிவப்பணுவில் முள்: நோயா, பழைய ரத்தமா?

கேள்வி: ஏற்காடு முகாமில் மாலையில் எடுத்த ரத்தத்தை மறுநாள் காலை சேலத்தில் ஸ்மியர் (கண்ணாடி ஸ்லைடில் மெல்லிய ரத்தப் பூச்சு) போட்டுப் பார்க்கிறோம். பலருக்குச் சிவப்பணுக்களின் ஓரம் முள்முள்ளாகத் தெரிகிறது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எல்லோருக்கும் சரியாக இருக்கிறது. ‘பர் செல்’ (சிறுநீரக நோயில் வரும் முள் செல்) என்று ரிப்போர்ட்டில் எழுதலாமா? (லேப் டெக்னீஷியன், சேலம்)

பதில்: இப்போதைக்கு எழுதாதீர்கள். ரத்தம் உறையாமல் காக்கும் ஈ.டி.டி.ஏ. மருந்து போட்ட குழாயில் ரத்தம் இரவெல்லாம் கிடந்தால் செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. குறையும், சவ்வு சுருங்கி, ஒரே அளவான சின்னச் சின்ன முட்கள் எழும்பும். சிறுநீரகம் கெட்டவருக்கும் இதே உருவம்தான் வரும் என்பதால் செல்லை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. ஒரே நாளில் வந்த ஸ்லைடுகளில் பலவும், ஒவ்வொன்றிலும் பெரும்பாலான செல்களும் இப்படி இருந்தால் முதலில் குழாயைச் சந்தேகப்படுங்கள். காப்பித் தோட்டத்து வேலைக்காரர் ஒருவர் இல்லாத சிறுநீரக நோய்க்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வர நேரக்கூடாது.

வழி எளிது. ஸ்மியரை ஏற்காட்டிலேயே, ரத்தம் எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் இழுத்துவிடுங்கள். அங்கே இன்னொரு தொல்லை பனிமூட்டம். ஈரக்காற்றில் ஸ்லைடு மெதுவாகக் காய்ந்தால் செல்லின் நடுவில் பளபளவென்று ஓட்டை போட்டதுபோலத் தெரியும், சில சமயம் பொய்யான டார்கெட் செல்லும் (நடுவில் புள்ளி வைத்த இலக்குப் பலகை போன்ற செல்) வரும். சின்ன மின்விசிறி முன்னால் பிடித்து உடனே உலர்த்தி, மெத்தனாலில் நிலைப்படுத்தி, ஸ்லைடாகவே கீழே அனுப்புங்கள். மெத்தனால் புட்டியைத் திறந்து வைத்தால் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; அதனாலும் அதே ஓட்டைகள் வரும்.

அப்புறம், எங்கே பார்க்கிறீர்கள் என்பது. ஸ்மியரின் வால் நுனியில் எந்தச் செல்லுக்கும் நடு வெளுப்பு இருக்காது, எல்லாம் ஸ்பீரோசைட் (நோயில் வரும் உருண்டைச் செல்) போலவே தெரியும். செல்கள் ஒன்றையொன்று லேசாகத் தொடும் இடத்துக்கு வாருங்கள். அங்கே சரியான செல் சிறு லிம்போசைட்டின் (ஒரு வகை வெள்ளணு) உட்கரு அளவு இருக்கும், வெளுப்பு மூன்றில் ஒரு பங்கு. கண்ணீர்த்துளி செல்களின் வால் எல்லாம் ஒரே பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் அது நீங்கள் ஸ்மியர் இழுத்த விதம்.

அரிவாள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் விஷயத்தில் நிலைமை தலைகீழ்: இருப்பது ஸ்மியரில் தெரியாமல் போகலாம். மரபணுவை ஒரு பக்கம் மட்டும் பெற்ற கேரியருக்கு ஸ்மியர் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். அரிவாள் தெரியவில்லை என்பதற்காக ‘இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள், அதற்கு எச்.பி.எல்.சி. (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் சோதனை) வேண்டும்.

ஒன்றை மட்டும் பழைய ரத்தத்தின் கணக்கில் தள்ளிவிடாதீர்கள். தொப்பி போலவும் முக்கோணமாகவும் உடைந்த துண்டுச் செல்கள், கூடவே தட்டணு குறைவு. இவை சேர்ந்து தெரிந்தால் ரிப்போர்ட் டைப் ஆகும் வரை காத்திருக்காமல் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.