ரெய்டு போட்டால் பேக்கப் வேண்டாமா?

கேள்வி: எங்கள் அச்சகத்தில் டெபியன் லினக்ஸ் ஓடும் சர்வர் ஒன்று உண்டு. கணக்கு, டிசைன் எல்லாம் அதில்தான். போன மாதம் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. வாரண்டியில் புது டிஸ்க் கொடுத்தார்கள், ஆனால் உள்ளே இருந்தது போனது போனதுதான். இரண்டு டிஸ்கிலும் ஒரே தகவலை ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு போட்டால் பேக்கப்பே தேவையில்லை என்கிறார் கடைக்காரர். இன்னொருவர் வருடச் சந்தாவுக்கு பேக்கப் மென்பொருள் விற்கிறார். எதை வாங்குவது?

பதில்: ரெய்டு வாங்குங்கள், தப்பில்லை. ஒரு டிஸ்க் செத்தாலும் அன்றைய வேலை நிற்காது. ஆனால் யாராவது ரூட்டாக, அதாவது முழு அதிகாரத்தோடு, இருந்துகொண்டு தப்பான ஃபோல்டரில் ஆர்எம் என்ற அழிக்கும் கட்டளையை அடித்தால் இரண்டு டிஸ்கிலும் ஒன்றாக அழியும், அதற்கு ரெய்டு ஒன்றும் செய்யாது. டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆர் வகையா, அதாவது தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் எழுதுவதா, என்று கேளுங்கள். டிஸ்க் கம்பெனியான வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் சிலவற்றை எஸ்எம்ஆர் (தடங்களைக் கொஞ்சம் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி எழுதுவது) என்று சொல்லாமலே விற்றது 2020-இல் வெளியே வந்தது, அந்த வகை ரெய்டுக்கு ஆகாது.

மென்பொருளுக்குச் சந்தா? ஒரே ஒரு சர்வருக்கு நான் கட்ட மாட்டேன். ரிலாக்ஸ் அண்ட் ரெகவர், சுருக்கமாக ரியர், டெபியனிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. கோப்புகளை டார் என்ற ஒற்றைக் கோப்பாகக் கட்டி வைப்பதோடு டிஸ்கின் பார்ட்டிஷன் அமைப்பு, சர்வரை எழுப்பும் பூட் லோடர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு பூட் ஆகிற யுஎஸ்பி ஒன்றையும் செய்து தரும், வெறும் டிஸ்க் ஒன்று இருந்தால் பழைய சர்வரை அப்படியே எழுப்பிவிடலாம். கணக்கு டேட்டாபேஸில் இருந்தால் அதை மட்டும் தனியாக டம்ப் (டேட்டாபேஸிடமே கேட்டு வாங்கும் முழு நகல்) எடுங்கள், ஓடிக்கொண்டிருக்கும் கோப்பை அப்படியே நகலெடுத்தால் பாதியில் அறுந்த நகல்தான் கிடைக்கலாம்.

அந்தச் சந்தாப் பணத்தில் எக்ஸ்டர்னல் டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றை வீட்டில் வைத்து வாரம்தோறும் மாற்றுங்கள். கடையிலிருந்து வருவது பெரும்பாலும் எக்ஸ்ஃபாட் அல்லது என்டிஎஃப்எஸ் என்ற ஃபார்மட்டில் இருக்கும். எக்ஸ்ஃபாட்டில் கோப்புகளை நேராக இழுத்துப் போட்டால் உரிமையாளர், பெர்மிஷன் எல்லாம் கழன்றுவிடும், திரும்பப் போட்டால் கோப்பு இருக்கும், சர்வர் எழாது. அதனால் முதலில் லினக்ஸின் சொந்த ஃபார்மட்டான இஎக்ஸ்டி4-க்கு மாற்றிவிடுங்கள்.

அப்புறம், பேக்கப்பிலிருந்து சர்வர் எழுகிறதா என்று பார்க்கும் ஒத்திகை. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் கோடைச் சேமித்துத் தரும் கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர் தப்பான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். அத்தனை பெரிய இடத்தில் தினசரி டம்ப், அதை எடுக்கும் மென்பொருளின் பதிப்பு டேட்டாபேஸோடு பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை! சுமார் ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காகக் கையால் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து நிலையின் நகல்) கைகொடுத்தது. நீங்கள் ஒரு பழைய கம்ப்யூட்டரில், சர்வர் அளவு டிஸ்க் போட்டு, அந்த யுஎஸ்பியில் பூட் செய்து ஒருமுறை எழுப்பிப் பாருங்கள். சர்வரும் அந்தக் கம்ப்யூட்டரும் பூட் ஆகும் முறை யுஇஎஃப்ஐயா பழைய பயாஸா என்று பார்த்துக்கொள்ளுங்கள், மாறியிருந்தால் அங்கேயே முட்டும். ஒத்திகையை ஓடுகிற சர்வரில் மட்டும் செய்துவிடாதீர்கள், ரியர் ரெகவர் என்ற மீட்புக் கட்டளை டிஸ்கைத் துடைத்துவிட்டுத்தான் வேலையையே தொடங்கும்.