16 வயசுல இங்கிலாந்து வந்த பையனுக்கு சிக்ஸ்த் ஃபார்ம்: முதல்ல ஃபீஸ் கணக்கு, அப்புறம் சப்ஜெக்ட்

வணக்கம்ங்க. திண்டுக்கல்லருந்து நர்ஸ் வேலைக்கு லெஸ்டர் வந்து ஒரு வருஷம் ஆகுது, ஜூலைல வீட்டுக்காரரும் பையனும் வந்து சேர்ந்துட்டாங்க, பையனுக்கு 16, ஊர்ல 10வது முடிச்சிருக்கான், சிக்ஸ்த் ஃபார்ம்ல (நம்ம ஊர் 11, 12வது மாதிரி ரெண்டு வருஷப் படிப்பு) என்ன சப்ஜெக்ட் எடுக்கச் சொல்றது, டாக்டராக்கணும்னா பெத்தவங்க இப்பலருந்தே என்ன பண்ணணும்னு கேட்டிருக்கீங்க. நாங்க ஈரோடு பக்கம்ங்க, ரெடிங்ல ரொம்ப வருஷமா இருக்கோம், எங்க பொண்ணும் பையனும் இங்கதான் சிக்ஸ்த் ஃபார்ம் முடிச்சாங்க. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க, முடிஞ்சா வீட்டுக்காரரையும் பையனையும் பக்கத்துல வச்சுக்கிட்டு படிங்க.

சப்ஜெக்டுக்கு முன்னாடி ஃபீஸ் விஷயம். இதை நீங்க கேக்கல, ஆனா உங்க வீட்டு நிலைமைக்கு இதுதான் மத்த எல்லாத்தையும் முடிவு பண்ணப் போகுது. சிக்ஸ்த் ஃபார்ம் வரைக்கும் கவலையே இல்ல, உங்க விசாவுல டிபென்டென்ட்டா இருக்குற பையனுக்கு அரசாங்க ஸ்கூல்ல, காலேஜ்ல படிப்பு இலவசம். யுனிவர்சிட்டி அப்படி இல்ல. இங்கிலாந்துல ஹோம் ஃபீஸ்னு ஒண்ணு, வெளிநாட்டுக்காரங்க ஃபீஸ்னு ஒண்ணு. ஹோம் ஃபீஸ் 2025-26ல வருஷத்துக்கு 9,535 பவுண்டு, 2026-27ல 9,790. அது கிடைக்கணும்னா கோர்ஸ் ஆரம்பிக்கிற வருஷத்தோட முதல் நாள், அதாவது செப்டம்பர்ல சேர்றவங்களுக்கு செப்டம்பர் 1, அன்னைக்குப் பையன் கைல ஐஎல்ஆரோ (இங்க நிரந்தரமா தங்கற அனுமதி) சிட்டிசன்ஷிப்போ இருக்கணும், அதுக்கு முன்னாடி 3 வருஷம் இங்கயே வாழ்ந்திருக்கணும். வேலை விசா, டிபென்டென்ட் விசா இதெல்லாம் அந்தக் கணக்குல வராது, நீங்க எவ்வளவு வரி கட்டுனாலும் சரி, அரசாங்க மருத்துவ சேவையான என்ஹெச்எஸ்லயே வேலை பாத்தாலும் சரி. ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் லோனுக்கும் கிட்டத்தட்ட இதே விதிதான்.

அப்போ ரெண்டு வருஷம் கழிச்சு உங்க பையன் 18 வயசுல யுனிவர்சிட்டி போறப்ப அவனுக்கு வெளிநாட்டு ஃபீஸ்தான் வரும். சாதாரண கோர்ஸ்னாலே பல இடத்துல வருஷத்துக்கு 20,000 பவுண்டுக்கு மேல, மெடிசின்னா நிறைய இடத்துல 40,000 தாண்டிடும், அதுவும் 5 வருஷப் படிப்பு, லோனும் கிடையாது. பணம் இருந்தா மட்டும் போதும்னும் இல்ல, இங்கிலாந்து மெடிக்கல் ஸ்கூல்கள்ல வெளிநாட்டு ஃபீஸ் கட்டுற பிள்ளைங்களுக்கு மொத்த சீட்டுல 7.5 சதவீதம்தான் ஒதுக்கீடு. படிக்கறதுக்கே கஷ்டமா இருக்கும், எனக்குத் தெரியும். ஆனா இதை 13ஆம் வருஷம், அதாவது சிக்ஸ்த் ஃபார்மோட ரெண்டாவது வருஷம், அப்ளிகேஷன் போடற நேரத்துல முதல் தடவையா கேள்விப்பட்டு, ஆஃபர் லெட்டரைக் கைல வச்சுக்கிட்டு அழுத குடும்பங்களை நான் நேர்ல பாத்திருக்கேன், நல்லாப் படிக்குற பிள்ளைங்க. அந்த நிலைமை உங்க வீட்டுக்கு வரக்கூடாது, அதனாலதான் முதல்லயே போட்டு உடைக்கிறேன்.

சரி, வழி என்னன்னா, 18 வயசுல நேரா யுனிவர்சிட்டி போயே ஆகணும்னு இங்க யாரும் நினைக்கறதில்ல. ஒரு வருஷம் ரெண்டு வருஷம் வேலை பாத்துட்டுப் போற பிள்ளைங்க நிறைய, நம்ம ஊர் மாதிரி ‘கேப் விழுந்துடுச்சு’ன்னு யாரும் பேச மாட்டாங்க. டிபென்டென்ட் விசாவுல வேலை பாக்கவும் உரிமை இருக்கு. ஐஎல்ஆர் வர்ற வரைக்கும் காத்திருக்கலாம், ஆனா அது எப்போ வரும்கறதை முதல்ல கணக்குப் போடணும். இதுவரைக்கும் 5 வருஷம்னு இருந்ததை பொதுவா 10ஆக்கப் போறோம்னு 2025 மே மாசம் அரசாங்கம் அறிவிச்சுது, உங்க வேலைக்கு அது எப்படிப் பொருந்தும்னு விதிகளைத் தொடர்ந்து பாத்துக்கிட்டே இருங்க. இன்னொண்ணு, பையன் ஐஎல்ஆர் வாங்கணும்னா பெரும்பாலும் அம்மா அப்பா ரெண்டு பேருமே வாங்கியிருக்கணும் இல்ல கூடவே வாங்கணும், உங்க வீட்டுக்காரர் ஒரு வருஷம் லேட்டா வந்திருக்கார் இல்லையா, அந்த ஒரு வருஷமும் காத்திருப்புல கூடும். 18 தாண்டினப்புறம் அவன் உங்களைச் சார்ந்து ஒரே குடும்பமா இருக்கான்னு காட்ட வேண்டியிருக்கும், அதனால முழுநேர வேலைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி லைசென்ஸ் இருக்குற இமிக்ரேஷன் அட்வைசர் ஒருத்தர்கிட்ட காசு குடுத்தாவது ஒரு மணி நேரம் உக்காந்து பேசிடுங்க. வாட்ஸ்அப்ல வர்றதை நம்பி இந்த முடிவு எடுக்காதீங்க.

இன்னொரு வழி டிகிரி அப்ரென்டிஸ்ஷிப், நம்மாளுங்க இதை ஏனோ மதிக்கறதே இல்ல. கம்பெனில வேலைக்குச் சேர்ந்து சம்பளமும் வாங்கிக்கிட்டு டிகிரியும் முடிக்கலாம், பிள்ளை ஒரு பைசா ஃபீஸ் கட்ட வேண்டாம். இதுக்கு ஐஎல்ஆர் கேக்க மாட்டாங்க, 3 வருஷம் இங்க குடியிருந்து வேலை செய்யற உரிமை இருந்தா பொதுவா போதும், விசா எவ்வளவு நாளைக்கு இருக்குன்னு மட்டும் கம்பெனிக்காரங்க பாப்பாங்க. என்ஜினியரிங், ஐடி, அக்கவுன்டிங், நர்சிங் எல்லாத்துலயும் இருக்கு. போட்டி பயங்கரமா இருக்கும், அது உண்மை. ஆனா உங்க பையனுக்கு 19 வயசு ஆகறப்ப இந்தக் கதவு திறந்திருக்கும், இப்பவே அவன் காதுல போட்டு வைங்க.

இப்ப சப்ஜெக்ட். ஊர்ல 11வதுல மொழி ரெண்டு, மத்தது நாலுன்னு ஆறு பாடம். இங்க சிக்ஸ்த் ஃபார்ம்ல பெரும்பாலும் படிக்கற ஏ லெவல்ல மூணே மூணு, மேத்ஸ்ல ரொம்ப ஆர்வம் உள்ளவங்க ஃபர்தர் மேத்ஸோட நாலு. 16 வயசுல மூணு பாடத்துக்குச் சுருங்கிடுது, அதனால இந்த முதல் மாசத்துல எடுக்கற முடிவுதான் ரெண்டு வருஷம் கழிச்சு எந்த கோர்ஸ் கிடைக்கும்கறதையும் முடிவு பண்ணுது. மெடிசின்னா கெமிஸ்ட்ரி கிட்டத்தட்ட எல்லா இடத்துலயும் வேணும், பயாலஜியும் பெரும்பாலான இடத்துல வேணும். என்ஜினியரிங்னா மேத்ஸ், ஃபிசிக்ஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ் கோர்ஸுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடம் பல இடத்துல கேக்கவே மாட்டாங்க, மேத்ஸ்தான் கேப்பாங்க. எகனாமிக்ஸுக்கும் நல்ல யுனிவர்சிட்டிகள்ல மேத்ஸ் வேணும். சட்டத்துக்குக் குறிப்பிட்ட பாடம்னு இல்ல, ஹிஸ்டரி மாதிரி நல்லா எழுத வைக்குற பாடம் உதவும். உங்க பையனுக்கு என் யோசனை, அவனுக்கும் பிடிச்சிருந்தா, கெமிஸ்ட்ரி, பயாலஜி, மேத்ஸ். மெடிசின் கதவும் மூடாது, ஃபார்மசி, பயோமெடிக்கல், ரேடியோகிராஃபி, டேட்டா பக்கம் எல்லாம் போகலாம். அவனுக்குப் பிடிச்சிருந்தாங்கறதை அழுத்திச் சொல்றேன், ஏன்னா மூணு பாடத்துல ஒண்ணு பிடிக்காமப் போனா ஊர்ல மாதிரி மத்த பாடம் தூக்கி விடாது, கிரேடு அப்படியே விழும். சேர்ந்த முதல் சில வாரத்துக்குள்ள பாடம் மாத்திக்கலாம், அதுக்கப்புறம் கஷ்டம்.

ஏ லெவல் மட்டும்தான் படிப்புன்னும் இல்ல. பிடெக் (BTEC, நம்ம ஊர் பி.டெக் டிகிரி இல்ல), டி லெவல்னு தொழில் சார்ந்த படிப்பு இருக்கு. டி லெவல் 2020ல வந்தது, மூணு ஏ லெவலுக்குச் சமம், அதுலயே 45 நாள் கம்பெனில ட்ரெய்னிங் உண்டு. ஆனா மெடிசின் மனசுல இருந்தா ஏ லெவல்தான்.

ஜிசிஎஸ்இ (இங்க 16 வயசுல எழுதற பொதுத் தேர்வு) இல்லாம வந்திருக்கான்ங்கறதுதான் உடனடிப் பிரச்சனை. இங்கிலீஷ்லயும் மேத்ஸ்லயும் அதுல கிரேடு 4, அதாவது பாஸ், இல்லன்னா ஏ லெவலோட சேர்த்து அதையும் படிக்கணும்னு விதி. உங்க 10வது மார்க்கை அதுக்குச் சமமா எடுத்துக்குவாங்களாங்கறது ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறுது, வெளிநாட்டுப் படிப்பு இங்க எதுக்குச் சமம்னு சொல்ற யுகே இனிக் சர்டிஃபிகேட் வாங்கித் தாங்கன்னு கேக்கலாம். ஏத்துக்கிட்டாலும் இங்கிலீஷ் ஜிசிஎஸ்இ ஒண்ணை எழுத வச்சிடுங்க, பின்னாடி யுனிவர்சிட்டிகளும் அதைக் கேக்கும். ஆகஸ்ட் 31க்குள்ள அவனுக்கு 16 முடிஞ்சிருந்தாத்தான் 12ஆம் வருஷம், செப்டம்பர்லதான் 16 முடியும்னா 11ல போட்டுடுவாங்க, அதையும் பாத்துக்கோங்க.

படிப்பு முறை வேற. நம்ம பசங்க மனப்பாடத்துல கெட்டி, ஆனா இங்க மார்க் போடறது வேற மாதிரி. எங்க பொண்ணு கெமிஸ்ட்ரில மெட்டல் ஏன் கரண்ட் கடத்துதுன்னு கேள்விக்கு எலக்ட்ரான் நகருதுன்னு அழகா எழுதியிருந்தா, மார்க் இல்ல. மார்க் ஸ்கீமை (எதுக்கு மார்க்னு போர்டு குடுக்கற குறிப்பு) எடுத்துப் பாத்தா ‘டீலோகலைஸ்டு எலக்ட்ரான்’னு எழுதியிருந்தாத்தான் அந்த ஒரு மார்க். அன்னைலருந்து சமையல்கட்டு மேஜைல பேப்பரை ஒரு பக்கம், மார்க் ஸ்கீமை ஒரு பக்கம் வச்சு அவளே திருத்துவா, நான் பச்சை பேனா எடுத்துக் குடுத்துட்டு காய் நறுக்கிக்கிட்டு இருப்பேன், அவ்வளவுதான் என் வேலை. பரீட்சை நடத்தறது எந்த போர்டுன்னு டீச்சர்கிட்ட கேட்டுக்கோங்க, ஏக்யூஏவா, ஓசிஆரா, எடெக்ஸெல்லா. பழைய பேப்பர் எல்லாம் அந்தந்த போர்டு சைட்லயே இலவசமா கிடைக்குது, ட்யூஷனுக்குக் கொட்டறதுக்கு முன்னாடி இதை முழுசா முடிக்கட்டும். முதல் டெர்ம்ல மார்க் கொஞ்சம் சறுக்கும், ஜிசிஎஸ்இல உச்ச கிரேடான 9 வாங்குன பிள்ளைக்கே சறுக்குது, பதறாதீங்க, திட்டாதீங்க.

தேதிகளைப் பிடிச்சுக்கறதுதான் பெத்தவங்க செய்யக்கூடிய பெரிய உதவி. 12ஆம் வருஷக் கடைசில, ஜூன் வாக்குல ஒரு மாக், அதாவது மாதிரிப் பரீட்சை, வரும், அதைப் பெருசா எடுத்துக்க மாட்டாங்க பசங்க, ஆனா ப்ரெடிக்டெட் கிரேடு (கடைசிப் பரீட்சைல என்ன வாங்குவான்னு டீச்சர் கணிக்கறது) பெரும்பாலும் அதுலருந்துதான் போடறாங்க, யுனிவர்சிட்டி ஆஃபர் குடுக்கறது அந்த ப்ரெடிக்டெட் கிரேடைப் பாத்துதான். பேரன்ட்ஸ் ஈவினிங்ல ஒரு டீச்சருக்கு அஞ்சு நிமிஷம்தான் கிடைக்கும், ‘எப்படிப் படிக்கறான்’னு கேட்டு அதை வீணாக்காதீங்க, ‘பி-லருந்து ஏ-க்கு வர எந்த டாபிக்ல வேலை செய்யணும்’னு கேளுங்க, எழுதிக்கோங்க. யுனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ற பொது சைட்டான யூகாஸ்ல அஞ்சு சாய்ஸ், மெடிசினுக்கு அதுல நாலுதான், அஞ்சாவது வேற கோர்ஸ். மெடிசின், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுக்கு அக்டோபர் 15 கடைசி, மத்ததுக்கு ஜனவரி. மெடிசினுக்கு யூகேட்னு ஒரு டெஸ்ட், 12 முடிஞ்ச கோடைல ஜூலைலருந்து செப்டம்பருக்குள்ள எழுதணும். பர்சனல் ஸ்டேட்மென்ட்டை (அப்ளிகேஷன்ல பிள்ளை தன்னைப் பத்தி எழுதறது) 2026 அட்மிஷன்லருந்து மூணு கேள்வியா பிரிச்சுட்டாங்க, அதைத் தயவுசெஞ்சு நீங்க எழுதிக் குடுக்காதீங்க, அவன் வார்த்தைல இருக்கட்டும். நீங்க வார்டுல பாக்கறதை அவன்கிட்ட சாப்பாட்டு நேரத்துல சொல்லுங்க, கேர் ஹோம்ல வாரத்துக்கு ஒரு நாள் வாலன்டியரா போகச் சொல்லுங்க, மெடிசின் பேட்டில அதுதான் பேசும்.

யுனிவர்சிட்டி பேரை விட கோர்ஸைப் பாருங்க. ரெண்டாவது வருஷம் என்ன மாடியூல்னு சைட்ல போட்டிருப்பான், பையனோட உக்காந்து படிங்க, அவன் கண்ணு எதுல நிக்குதுன்னு தெரிஞ்சிடும்.

கடைசியா அவன் மனசு. 16 வயசுல நண்பர்களை விட்டுட்டு வந்திருக்கான். சிக்ஸ்த் ஃபார்ம்ல நடுவுல ஃப்ரீ பீரியட் வரும், மத்த பசங்க கூட்டமா கேன்டீன் போவாங்க, இவன் லைப்ரரில தனியா உக்காந்திருப்பான், ராத்திரி கதவைச் சாத்திக்கிட்டு திண்டுக்கல் ஃப்ரெண்ட்ஸோட ஃபோன். ஃபோனைப் பிடுங்காதீங்க, அது அவனுக்கு இப்ப வேணும். அதே நேரத்துல கிரிக்கெட்டோ ஃபுட்பாலோ ஏதாவது ஒரு க்ளப்ல இந்த மாசமே சேர்த்து விடுங்க. ஃபீஸ் விஷயத்தையும் அவன்கிட்ட மறைக்காதீங்க, ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து சொல்லுங்க, டாக்டர் கனவை விடச் சொல்லல, வழி சுத்திப் போகுதுன்னு சொல்லுங்க. 16 வயசுப் பிள்ளை நாம நினைக்கறதை விட நல்லாப் புரிஞ்சுக்கும்.

இப்ப உடனே செய்ய வேண்டியது, பக்கத்துல இருக்குற ரெண்டு மூணு சிக்ஸ்த் ஃபார்முக்கு நாளைக்கே ஃபோன் பண்ணுங்க, வெளிநாட்டுலருந்து வந்தவனுக்கு சீட் இருக்கான்னு கேளுங்க. ஜிசிஎஸ்இ ரிசல்ட் ஆகஸ்ட் கடைசில ஒரு வியாழக்கிழமை வரும், அன்னைக்கும் அடுத்த நாளும்தான் நிறைய இடத்துல என்ரோல்மென்ட், அப்பதான் சீட் காலியாகும். பாஸ்போர்ட், ஈவிசா ஷேர் கோட் (விசா நிலையை ஆன்லைன்ல காட்டற கோட்), கவுன்சில் டாக்ஸ் பில், 10வது மார்க் ஷீட், டிசி எல்லாம் ஒரு ஃபைல்ல போட்டு பையனையும் கூட்டிட்டு காலைலயே போயிடுங்க, அவங்க பேசறது அவன்கிட்டதான், அவனே பதில் சொல்லட்டும். மார்க் ஷீட் ஒரிஜினலை மட்டும் அங்க குடுத்துட்டு வராதீங்க, காப்பி எடுத்துக்கச் சொல்லிட்டு கையோட வாங்கிட்டு வந்துடுங்க.