லீவு போடாமல் மொரிஷியஸ் வர நினைக்கும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். சென்னை ஆபீஸ் மூன்று மாதம் எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறது. ஒரு நாள் லீவுகூடப் போடாமல் மனைவியையும் நான்கு வயதுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஜூலையில் மொரிஷியஸ் வந்து, பகலில் வேலை, சாயங்காலம் கடற்கரை என்று இருக்கலாமா என்று கேட்கிறீர்கள். ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் வீடு எடுப்பதா கிராண்ட் பேயிலா, வாடகை எவ்வளவு, நெட் எப்படி, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வாடகை சீசனுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று. அதை விட்டுவிடுகிறேன். நெட் பற்றிக் கவலையே வேண்டாம். பெரும்பாலான வீடுகளுக்கு ஃபைபர் வந்து பல வருடமாகிறது. கொச்சியைத் தொட்டுக்கொண்டு கடலுக்கடியில் போகும் சேஃப் என்ற இன்டர்நெட் கேபிள் 2002-லேயே இந்தத் தீவில் கரையேறிவிட்டது. ஆனால் உங்கள் கேள்வி முழுவதிலும் உங்கள் மனைவி பகல் பொழுதில் என்ன செய்வார் என்று ஒரு வரி இல்லை. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

முதலில் கடிகாரம். மொரிஷியஸ் இந்தியாவைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். சென்னையில் ஒன்பதரை என்றால் இங்கே எட்டு. அங்கே ஆறரைக்கு முடித்தால் இங்கே ஐந்து. கேட்க அருமையாகத்தான் இருக்கிறது, எல்லோரும் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். ஜூலை இங்கே குளிர்காலம். ஆறு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். நீங்கள் ஐந்துக்கு லேப்டாப்பை மூடி, பிள்ளைக்குச் சட்டை மாட்டி, செருப்பைத் தேடிக் கிளம்பினால் கடற்கரையில் அரை மணி நேரம் கிடைக்கும். அதுவும் ஆபீஸ் சொன்ன நேரத்துக்கு விட்டால். அமெரிக்க க்ளையண்ட் இருந்தால் அதுவும் இல்லை. ஜூலையில் நியூயார்க்கில் காலை ஒன்பதரை இங்கே மாலை ஐந்தரை. சரியாக சூரியன் கடலில் இறங்குகிற நேரத்துக்கு ஒருவர் உங்களிடம் போன வாரம் கொடுத்த வேலை ஏன் இன்னும் முடியவில்லை என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

ஊர் சுற்றலாம் என்பதும் அப்படித்தான். தீவு சின்னது, கன்னியாகுமரி மாவட்டத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். ஆனால் சாலைகள் மெதுவானவை, போர்ட் லூயிஸைத் தாண்ட வேண்டியிருந்தால் நெரிசல் வேறு. மெட்ரோ ரயில் போர்ட் லூயிஸிலிருந்து ரோஸ் ஹில், காத்ர் போர்ன் வழியாக கியூர்பிப் வரை மேட்டுப் பக்கம் போகிறது. உங்கள் கடற்கரைகளுக்குப் போகாது. பாம்ப்ளமூஸ் தோட்டம், ஷமாரெலின் ஏழு நிற மண் எல்லாம் சாயங்காலம் கதவைச் சாத்திவிடுவார்கள். இருட்டினால் பஸ் குறைந்துவிடும். ஆக வார நாட்களில் நீங்கள் பார்க்கப் போவது வாடகை வீட்டின் சுவர். சனி, ஞாயிறு மிச்சம். ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் பாதி மொரிஷியஸ் இருக்கும். குடும்பம் குடும்பமாக பஸ் பிடித்து, பிரியாணி அண்டாவோடு, ரவான் என்கிற மேளத்தைத் தட்டிப் பாடிக்கொண்டு வருவார்கள். அந்தக் கூட்டத்தில் உங்களுக்கும் இடம் உண்டு, அது வேறு விஷயம். அவர்கள் லீவு என்றால் லீவு. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டார்கள். மறுநாள் யாரும் அதைக் கேட்கவும் மாட்டார்கள். அந்தப் பழக்கம் நம் ஆட்களுக்கு எத்தனை வருடம் இருந்தாலும் வருவதில்லை.

இனி மனைவி. சென்னையில் அவருக்கு அம்மா வீடு பக்கத்தில் இருக்கும், பாத்திரம் தேய்க்க ஆள் வருவார், பிள்ளை எல்.கே.ஜி. போகும். இங்கே வந்தால் மூன்று வேளைச் சமையல், கூடவே "அப்பா மீட்டிங்கில் இருக்கார், சத்தம் போடாதே" என்று நாளெல்லாம் பிள்ளையின் வாயைப் பொத்துகிற வேலை. விடுமுறைக்கு விடுகிற வீடுகள் இரண்டு அறை, ஒரு சாப்பாட்டு மேசை. அந்த மேசையை நீங்கள் எடுத்துக்கொண்டால் அவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது? உங்களுக்கு அது வேலை செய்யும் இடம் மாறியது. அவருக்கு உதவிக்கு ஆளில்லாத இடத்தில் அதே வேலை. இரண்டையும் சேர்த்து ஊரில் எல்லோரிடமும் "மூன்று மாதம் மொரிஷியஸ்" என்று சொல்லிவைப்பீர்கள், அவரும் திரும்பிப் போய்ச் சிரித்துக்கொண்டே போட்டோ காட்ட வேண்டும்.

இவ்வளவு சூடாக ஏன் சொல்கிறேன் என்றால், நான் இந்தத் தீவுக்கு வந்ததே ஒரு ஜூலையில்தான். 2000-களின் தொடக்கம். கணவருக்கு ஒரு கார்மெண்ட் மில்லில் புரொடக்‌ஷன் வேலை. திருப்பூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் அப்போது நிறையப் பேர் வந்தார்கள். கம்பெனி கியூர்பிப்பில் வீடு கொடுத்திருந்தது. மொரிஷியஸ் என்றால் கடல், வெயில், தென்னை என்று நினைத்து காட்டன் புடவைகளைப் பெட்டி நிறைய அடுக்கிக்கொண்டு வந்தேன். கியூர்பிப் ஐந்நூறு மீட்டருக்கு மேலே. ஜூலையில் தூறல் நிற்காது, துணி காயாது, சுவரெல்லாம் பூசணம். கல்யாணமாகிச் சில மாதம்தான். "ஆர்டர் போகட்டும், அடுத்த ஞாயிறு கடலுக்குப் போகலாம்" என்பார் அவர். ஷிப்மெண்ட் முடிந்தால் இன்னொரு ஷிப்மெண்ட். தீவைச் சுற்றிக் கடல், நான் பார்த்தது மழைத் தண்ணீர். பக்கத்து வீட்டுப் பாட்டி நெற்றி நிறைய விபூதி பூசியிருப்பார், பேச்சு முழுக்க இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல். எனக்கு கிரியோல் தெரியாது, அவருக்குத் தமிழில் தேவாரம் மட்டும் தெரியும். அவர் பாடுவார், நான் சேர்ந்து பாடுவேன். அதுதான் எங்கள் பேச்சுவார்த்தை. பிறகு அவரே என்னை பஸாருக்கு இழுத்துப் போய் ஒவ்வொரு காயாகக் காட்டி கிரியோல் சொல்லிக்கொடுத்தார். இன்று நான் பேரம் பேசினால் காத்ர் போர்ன் பஸாரில் யாரும் என்னை வெளியூர்க்காரி என்று நினைப்பதில்லை.

எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணி வாங்கலாம் என்று வரம்பு வைத்திருந்த கோட்டா முறை 2005 ஜனவரியோடு உலகம் முழுக்க முடிந்தது. சீனத் துணியோடு விலையில் போட்டி போட முடியாமல் இங்கே மில்கள் ஒன்றன் பின் ஒன்றாக மூடின. கணவர் வேலை செய்ததும் மூடியது. அவர் வேறு வேலை தேடிய நாட்களில் நான் சென்னை ஆடிட்டர் ஒருவருக்கு இங்கிருந்தே கணக்கு எழுத ஆரம்பித்தேன். பி.காம். படிப்பு அப்போதுதான் உதவியது. நீங்களெல்லாம் கொரோனாவில் கண்டுபிடித்ததாக நினைக்கிற வேலைமுறையில் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே என் குடும்பம் சாப்பிட்டிருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், வீட்டிலிருந்து வேலை செய்வது நல்லது. லீவும் நல்லது. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டால் இரண்டும் திரிந்துபோகும். என் வீட்டில் பின்னறை மேசைதான் ஆபீஸ். அதை விட்டு எழுந்தால் அன்றைக்கு முடிந்தது. ஊருக்குப் போகும்போது லேப்டாப் பீரோவுக்குள் இருக்கும், சாவி இங்கேயே இருக்கும். ஆடிட்டர் முதலில் முணுமுணுத்தார், பழகிக்கொண்டார். சொந்தக்காரர்கள்தான் இன்றுவரை பழகவில்லை. பள்ளி லீவு விட்டதும் மே மாதம் வந்து இறங்குவார்கள். மார்ச் முடிவுக் கணக்கு கழுத்துவரை இருக்கும் நேரம். "நீதான் வீட்டில் சும்மா இருக்கிறாயே, எங்களோடு வாயேன்" என்பார்கள். மொரிஷியஸில் இருப்பவர்கள் எல்லோரும் வருடம் முழுக்க ஹனிமூனில் இருப்பதாக தமிழ்நாட்டில் ஓர் எண்ணம்.

இப்போது நாங்கள் காத்ர் போர்னில் இருக்கிறோம், மாடியை வாடகைக்கு விடுகிறோம். கொரோனாவுக்குப் பிறகு உங்களைப் போல லேப்டாப்போடு வருகிறவர்கள் அதிகம். ஒரு ஜனவரியில் பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழ்த் தம்பதி வந்தார்கள், தங்கமான பிள்ளைகள். தைப்பூசம் வந்தது. தமிழ்நாட்டில் 2021-லிருந்துதான் அதற்கு அரசு விடுமுறை, இங்கே எப்போதோ கொடுத்துவிட்டார்கள். பத்து நாள் விரதமிருந்து, முதுகில் வேல் குத்தி, பூக்காவடி தூக்கிக்கொண்டு கோர் த கார்ட் மலைக் கோவிலுக்கு ஏறுவார்கள். தமிழ் பேசத் தெரியாத இளைஞர்கள்தான் பாதிப் பேர். ஊரே தெருவில் இருக்கிறது. பெங்களூர் ஆபீஸுக்கு அன்று சாதாரண நாள். அந்தப் பிள்ளை மாடி பால்கனியில் ஹெட்செட்டோடு நின்று, மேளச் சத்தம் கேட்கிறதென்று கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டான். அவன் மனைவி என்னோடு கோவிலுக்கு வந்து, ஏழு வகைக் காய்கறியும் இலையில் சாப்பிட்டு, எனக்கே அரோகரா சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு ஆகிவிட்டாள். அவனுக்கு ஒரு டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தாள். இத்தனைக்கும் அன்று லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்கவில்லை. "ஏற்கெனவே மொரிஷியஸில் இருக்கிறேன், இதில் லீவு வேறு கேட்டால் என்ன நினைப்பார்கள்" என்றான்.

பெரிய தொல்லை இதுதான். கடற்கரை நாட்டிலிருந்து வேலை பார்க்கிறீர்கள் என்று தெரிந்ததும் டீமில் எல்லோருக்கும் நீங்கள் ஜாலியாக இருப்பதாகத் தோன்றும். அதைப் பொய்யாக்க நீங்கள் ஊரில் செய்வதைவிட அதிகம் செய்வீர்கள், இரவு பதினொன்றுக்கும் மெசேஜுக்குப் பதில் போடுவீர்கள். லீவு நாள் ஒன்றுகூடக் குறையவில்லை என்று மகிழ்ந்துகொண்டு திரும்பிப் போவீர்கள், உடம்பு ஒரு வாரம் லீவு கேட்கும். அப்புறம் அடுத்த முறை உண்மையிலேயே லீவு எடுத்தாலும், "மொரிஷியஸிலிருந்தே பார்த்தாயே, இந்த ஒரு போன் கால் மட்டும்" என்று கூப்பிடுவார்கள். அவர்களுக்கு அந்தப் பழக்கத்தை நீங்களே கொடுத்ததாக ஆகும்.

என்னைக் கேட்டால், லீவு போட்டுப் பத்து நாள் வாருங்கள், லேப்டாப்பை மாமனார் வீட்டில் வைத்துவிட்டு. இல்லையென்றால் வருடக் கணக்கில் வந்து குடியிருங்கள். அதற்கென்றே 2020-ல் பிரீமியம் விசா கொண்டுவந்தார்கள். ஓராண்டு வரை இருக்கலாம், சம்பளம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், மாத வருமானம் அவர்கள் சொல்கிற அளவுக்குக் குறையாமல் காட்ட வேண்டும், இங்கே உள்ளூர் வேலைக்குப் போகக் கூடாது. ஒரு வருடம் என்றால் மனைவிக்கும் பழக நாலு பேர் கிடைப்பார்கள், பிள்ளை பள்ளிக்குப் போகும், தைப்பூசமும் ஞாயிற்றுக்கிழமையும் தானாக வரும். 183 நாளுக்கு மேல் இருந்தால் இங்கே வரிக் கணக்கு வந்து சேரும், அதை ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இங்கே எழுதினால் பத்துப் பக்கம் போகும். சுற்றுலா முத்திரையில் வந்து சத்தமில்லாமல் வேலை பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆபீஸிடமும் "எங்கிருந்தும்" என்பதில் வேறு நாடு அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள். மேனேஜர் வாயால் சொன்னது போதாது. க்ளையண்ட் ஒப்பந்தத்தில் டேட்டாவை வெளிநாட்டிலிருந்து திறக்கக் கூடாது என்று இருந்தால், இங்கே வந்து லாகின் ஆகாமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஐ.டி. ஆபீஸ்கள் இருக்கிற எபேன் பக்கம் நம் ஆட்கள் கூட்டமாக இருக்கிறார்கள். வார இறுதியில் ஒருவர் வீட்டில் ஒருவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டு, "இங்கே உள்ள தமிழர்களுக்குத் தமிழே தெரியாது" என்று உச்சுக் கொட்டுவார்கள். மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து எந்த வரிசையில் வர வேண்டும் என்பதற்காக 1998-ல் தெருவில் இறங்கி, அச்சடித்த நோட்டையே திரும்பப் பெற வைத்தவர்கள் அந்தத் தமிழர்கள்தான். அவர்கள் வீட்டுக்கு ஒரு முறையாவது போய்ச் சாப்பிடுங்கள்.

பத்து நாளாக இருந்தாலும் ஜூலை என்றால் மேற்குக் கரைதான், ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் பக்கம். கிழக்கே காற்று பிய்த்து எடுக்கும். கிராண்ட் பே கடை, ஹோட்டல் என்று கலகலப்பு, வாகனமும் அதிகம், சின்னப் பிள்ளையோடு எனக்குப் பிடிக்காது. மேட்டுப் பக்கம் வந்தால் ஸ்வெட்டர் வேண்டும், மூன்று பேருக்கும். சைவத்துக்குப் பஞ்சமில்லை, தெருவுக்குத் தெரு தால் பூரி விற்கிறார்கள், குழம்பில் கறி போடாமல் கேளுங்கள். சாம்பார்ப் பொடி கொண்டுவாருங்கள். கறிவேப்பிலை, காய், செடி எதுவும் பெட்டியில் வேண்டாம், ஏர்போர்ட்டில் எடுத்துக்கொள்வார்கள். பஸாரில் காரிபுலே என்று கேட்டால் கட்டாகக் கொடுப்பார்கள், முருங்கைக் கீரையும் பக்கத்திலேயே இருக்கும்.